மாதிரி மூன்று

முக்காலியின் மேல் தடித்த நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று தெரியும். அதனால்தான் தம்பி வேலைக்குக் கிளம்பிப் போய், தம்பி மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரமாகப் பார்த்து இதை ஆரம்பித்திருந்தாள். நான்கு நோட்டு வைத்தபோது இடது முழங்கால் கத்தியது. ஐந்து வைத்தபோது முனகியது. ஆறாவதில் பேசாமல் இருந்தது. டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளந்தாள். பதினெட்டரை அங்குலம்.

"என்ன அண்ணி இது, சிம்மாசனமா?"

காலியான துணி வாளியோடு தம்பி மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா. இனிமே தினமும் காலைல இதுலதான் தர்பார். கமோடு இந்த உயரத்துக்கு வரணும். கடையில கிடைக்கிறது பதினஞ்சு அங்குலம். அதுல உக்காந்தா என்னைத் தூக்க கிரேன்தான் வரணும்."

தம்பி மனைவி வாளி குலுங்கச் சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. முழங்கால் விஷயத்தில் சிரிப்பு வந்து வெகுநாளாகியிருந்தது.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் அறுவைசிகிச்சை. இடது முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு வேறு வைக்கிறார்கள். வீட்டில் புழக்கத்தில் இருந்த ஒரே குளியலறை சமையலறைக்குப் பின்னால், இரண்டு படி இறங்கிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. கையில் வாக்கரை வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்க முடியாது என்று மருத்துவர் படம் போட்டே காட்டிவிட்டார். அவள் அறையையும் பக்கத்து நடு அறையையும் ஒட்டி, அப்பா காலத்துக் குளியலறை ஒன்று உண்டு; வாசல் அவள் அறைப் பக்கம். ஐந்தடிக்கு ஏழடி. குழாய் கசிகிறது என்று மூடிப் பத்து வருடமாகி, உடைந்த மின்விசிறியும் பழைய பெட்டிகளுமாக அடைந்து கிடந்தது.

"அதைப் புதுசா பண்ணிடலாம்க்கா," என்று சொன்னவன் தம்பிதான். "ரூமிலிருந்து நாலு எட்டு. ஆபரேஷன் முடிஞ்சு நீ இங்கதானே வரணும்? உன் இஷ்டம் போலப் போட்டுக்கோ. உனக்குத் தெரியாததா?"

தெரியாததில்லை. கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் வரைந்தவள். முகப்பு, மாடிப்படி, வரவேற்புக்கூடம் எல்லாம் ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். கழிவறைப் பகுதி சொல்லிவைத்தாற்போல் அவள் மேசைக்கு வரும். 'பாத்ரூம் மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் பெயர். முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு, மனிதர்கள் தனியாக இருக்கும் ஒரே இடத்தைத் தன்னிடம் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கப் பழகிக்கொண்டாள். ஆயிரம் பேருக்காவது குளியலறை வரைந்திருப்பாள். தனக்கென்று ஒன்று வரைந்ததில்லை.

அந்த வாரம் முழுக்க அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, கமோடு அளவில் ஒன்று, வாஷ்பேசின் அளவில் ஒன்று என்று வெட்டி, அந்த ஐந்தடிக்கு ஏழடியில் தரையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். வாக்கர் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்ப்பதற்கு ஒரு நாற்காலியைக் கவிழ்த்து முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தாள். எங்கே கை தானாகச் சுவரைத் தேடுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. கைப்பிடிக் கம்பி அங்கேதான் வரவேண்டும். சோப்பு எடுக்கக் குனியக்கூடாது என்பதற்காகச் சுவருக்குள்ளேயே இடுப்புயரத்தில் ஒரு மாடம். நின்று குளிக்க முடியாத நாட்களுக்கு உட்கார ஒரு பலகை, அதன் பக்கத்திலேயே கைக்கு எட்டும் ஷவர். வெளிச்சுவரில் சாக்கடைக் குழாய் இறங்குவதால் கமோடு இருக்கும் இடம் மட்டும் மாறாது. மற்றதெல்லாம் அவள் இஷ்டம்.

கட்டம் போட்ட தாளில் இரண்டு மாதிரி வரைந்தாள். முதல் மாதிரியில் வாஷ்பேசின் கதவருகே. இரண்டாவதில் அது உள்ளே போய், குளிக்கும் இடமும் ஈரம்படாத இடமும் தனித்தனியாகப் பிரிந்தன. இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் தம்பி இரண்டு டம்ளர் டீயோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

அவன் அப்படி வந்து உட்கார்ந்து பல வருடமாகிவிட்டது. அவள் வரைந்த எதையும் அவன் பார்த்ததில்லை. இப்போது தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பிப் பிடித்தான்.

"இந்த வில்லு மாதிரி போட்டிருக்கியே, அது என்ன?"

"கதவு. திறக்கும்போது எவ்வளவு இடம் அடைக்கும்னு காட்டுறது."

"ஓ." டீயை ஊதிக் குடித்தான். "அக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கதவை நடு ரூம் பக்கமா வச்சா எப்படி இருக்கும்?"

"எதுக்கு அங்க?"

"எதுக்கும் இல்ல. டைல்ஸ்காரர் கேட்டார்னா நமக்குப் பதில் தெரியணும்ல? நீதான் எதையும் வரைஞ்சு பார்த்தாதான் தெரியும்னு சொல்லுவ."

அது அவள் அடிக்கடி சொல்வதுதான். தன் வாக்கியம் ஒன்று தம்பி நினைவில் இருக்கிறது என்பதில் ஒரு சின்ன சந்தோஷம். அன்றைக்கே மூன்றாவது தாளை எடுத்து வரைந்தாள். அவள் அறைக் கதவை அடைத்து, நடு அறைச் சுவரில் புதிதாக ஒரு கதவு. வரைந்து முடித்து, அடியில் அலுவலகப் பழக்கப்படி சிறிய அச்செழுத்தில் இரண்டு வரி எழுதினாள்: *இந்த மாதிரி வேண்டாம். கதவைத் திறந்தால் எதிரே கமோடு தெரியும். என் அறையிலிருந்து போக வழி இருக்காது.* மேல் மூலையில், 'மாதிரி மூன்று'.

தம்பி மூன்று தாளையும் மடிக்காமல் பத்திரமாக ஒரு கோப்பில் வைத்து எடுத்துப்போனான். "நகல் எடுத்துட்டுக் குடுத்துடறேன்," என்றான். மறுநாள் சொன்னபடி மூலத் தாள்கள் மூன்றும் அவள் மேசைக்கு வந்துவிட்டன.

கடைக்கு அவளும் தம்பி மனைவியும் போனார்கள். ஒரு மணி நேரம், டைல்ஸ் மேல் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, நீங்க டைல்ஸ் வாங்க வந்தீங்களா, கழுவ வந்தீங்களா?" என்றார். மணல் கலந்தது போலச் சொரசொரப்பாக இருந்த சாம்பல் நிறத்தை எடுத்தாள். தம்பி மனைவிக்குப் பளபளப்பாக இருந்த ஒன்றின் மேலேயே கண்.

கைப்பிடிக் கம்பி பகுதிக்கு வந்தபோது தம்பி மனைவியின் முகம் சுருங்கியது. "ரெண்டு வேணுமா அண்ணி? ஆஸ்பத்திரி மாதிரி ஆகிடும். நாளைக்கு மத்தவங்களும் புழங்க வேணாமா?"

"மத்தவங்க யாரு?"

தம்பி மனைவி ஒரு குழாயைத் திறந்து மூடினாள். அதில் தண்ணீர் இணைப்பு இல்லை. "யாராவது வந்தா போனா சொல்றேன்," என்றாள்.

இரண்டு கம்பியும் வாங்கினார்கள். வண்டியில் திரும்பும்போது தம்பி மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் எப்போதும் வளவளவென்று பேசிக்கொண்டு வருபவள். பளபளப்பானதை வாங்கவில்லை என்று கோபம் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

டைல்ஸ் பதிப்பவருக்கு ஊருக்குள் 'ரசமட்டம்' என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீடு காட்ட ஆளில்லை. எதன் மேலும் ரசமட்டக் கட்டையை வைத்து, அதன் கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நிற்கிறதா, தளம் சமமா என்று பார்ப்பவர். டீ டம்ளர் வைத்த பலகை மேலும் ஒருமுறை வைத்துப் பார்த்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். அவர் வேலையைப் பார்த்தபோதே அவளுக்குப் பிடித்துவிட்டது.

"தரை தண்ணி ஓடுற பக்கம் சரிவா இருக்கணும்ல? அதுக்கு எங்க பாஷையில வாட்டம்னு பேரு மேடம்," என்றார் முதல் நாளே. "எல்லார் வீட்டுலயும் வாட்டமா இருக்காதீங்கன்னு சொல்லுவாங்க. நான் மட்டும்தான் வாட்டம் சரியா இருக்கா, வாட்டம் சரியா இருக்கான்னு கேட்டுக்கிட்டே திரிவேன்."

"எனக்கு எவ்வளவு வாட்டம் வைக்கப் போறீங்க?"

"உங்களுக்கு வாட்டமே வேணாம் மேடம். உங்க தரைக்கு மட்டும் வைக்கிறேன்."

பழைய டைல்ஸை உடைத்தார்கள். சுவருக்குள் குழாய் ஓடியது. அதோடு தம்பி, தூசி அவளுக்கு ஆகாது, அறுவைசிகிச்சைக்கு முன்னால் இருமல் வந்தால் தள்ளிப்போடுவார்கள் என்று சொல்லி, அவள் அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வாசலில் தடித்த பிளாஸ்டிக் தாளை ஆணியடித்துத் தொங்கவிட்டான். "ஒரு நாலு நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதக்கா. என் பேச்சைக் கேளு." கேட்டாள். அவளுக்காக ஒருவர் இவ்வளவு கவலைப்பட்டு நாளாகியிருந்தது. வேலையாட்கள் வெளிப்புறச் சந்திலிருந்து, ஜன்னல் எடுத்த ஓட்டை வழியாகப் போய் வந்தார்கள். அவள் கட்டிலில் படுத்து, தட்டும் சத்தத்தையும் தேய்க்கும் சத்தத்தையும் வைத்து இப்போது என்ன வேலை நடக்கிறது என்று ஊகித்தபடி இருந்தாள். இரண்டாவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் உருவாகிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் அதற்குள் நடக்க முடிந்தது.

ஐந்தாம் நாள் காலையில் சத்தம் மாறியது. கல்லைக் கல் மெல்ல முட்டும் சத்தம். சாந்து போடாமல் வெறுமனே தரையில் டைல்ஸை அடுக்கிப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. பிளாஸ்டிக் தாளின் ஓர் ஓரத்தை விலக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சாம்பல் நிறம் அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. ரசமட்டம் குந்தி உட்கார்ந்து கடைசிக் கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். அவள் பார்வை தன் காலடிக்கு வந்தது. அங்கே, அவள் பெருவிரலுக்கு முன்னால், நான்கு விரல் அகலத்துக்கு வெட்டிய துண்டுக் கற்கள் வரிசையாக இருந்தன.

டைல்ஸ் வேலையில் இது அரிச்சுவடி. அறையின் அளவும் கல்லின் அளவும் ஒருநாளும் ஒத்துப்போகாது. எங்காவது ஒரு வரிசை வெட்டித்தான் ஆகவேண்டும். வாசலில் கால் வைக்கும் இடத்தில் முழுக் கல் வரும். வெட்டுக் கல் கண்ணில் படாத மூலைக்குப் போகும். கற்றுக்குட்டிகூட இதில் தவறு செய்யமாட்டான்.

"என்னங்க இது," என்றாள் சிரித்துக்கொண்டே, "வெட்டுக் கல்லைக் கொண்டுவந்து வாசல்ல வச்சிருக்கீங்க? உங்க பேருக்கே கெட்ட பேரு."

ரசமட்டம் பதறித் திரும்பினார். வேலையில் குறை சொன்னால் அவருக்கு உயிர் போய்விடும். "வாசல்லயா? இல்லையே மேடம். வாசல்ல முழுக் கல்லுதான் வந்திருக்கு. நல்லா பாருங்க."

அவர் கை, வலப்பக்கத்துச் சுவரைக் காட்டியது. அங்கே கதவு இல்லை. ஆனால் அந்தச் சுவரை ஒட்டி முழுக் கற்கள் வெட்டுப்படாமல், கோயில் நடையில் பதித்ததுபோல நேராக அமர்ந்திருந்தன. அவற்றுக்கு மேலே சுவரில், ஆளுயரத்துக்கு, நீலச் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம்.

"அங்க சுவர்தானே இருக்கு."

"இன்னைக்கு இருக்கு. நாளைக்குக் காலைல சுவரை அறுக்க கட்டர் மெஷின் வருது. நடு ரூம்ல தூசி பரவும்னு சார்தான் அதைக் கடைசியா வச்சுக்கச் சொன்னார். அது திறந்ததும் நீங்க நிக்கிறீங்களே, இதைச் செங்கல் வச்சு அடைச்சுட்டு..." அவர் நிறுத்தினார். அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானே மேடம் வரைஞ்சீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, தொடையில் வைத்து நீவி, நீட்டினார். வாங்கினாள். அவள் கோடுகள். அவள் எண்கள். ஏழு எழுதும்போது நடுவில் ஒரு சிறு கோடு போடும் அவள் வழக்கம். மேல் மூலையில் 'மாதிரி மூன்று'.

"சார் பெருமையா சொன்னார். எங்க அக்கா முப்பது வருஷம் இதே வேலைதான், அவங்க போட்ட கோட்டை ஒரு நூல்கூட மாத்தாதீங்கன்னு. நானும் ஒரு நூல் மாத்தல மேடம்."

தாளின் அடிப்பகுதியைப் பார்த்தாள். அந்த இரண்டு வரி இல்லை. அவை இருந்திருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, தாளின் அகலத்துக்கு, மெல்லிய கறுப்பு நிழல் ஒன்று ஓடியது. மடித்த தாளை நகல் எடுத்தால் மடிப்பு அப்படித்தான் விழும். அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. அடியை மட்டும் பின்பக்கமாக மடித்து, நகல் மெஷின் கண்ணாடி மேல் வைத்து, மூடியை மூடியிருக்கிறார்கள். மடிப்பு நேராக இருந்தது. நிதானமாகச் செய்த மடிப்பு.

"கொஞ்சம் நிறுத்தி வைங்க," என்றாள்.

"எவ்வளவு நேரம் மேடம்? கட்டர்காரனுக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும்."

அவள் தாளோடு உள்ளே திரும்பினாள். ரசமட்டம் ஜன்னல் ஓட்டை வழியாக வெளியே இறங்கி, சந்தில் ஒரு சாக்குமேல் உட்கார்ந்துகொண்டார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு கதவு இடம் மாறியது, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் சுற்றிப் போகவேண்டும். தம்பி ஏதாவது காரணம் வைத்திருப்பான். தம்பியின் மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள் என்று பேச்சு இருந்தது. நடு அறையில் தங்குவாளாக இருக்கும். ஆனால் அதற்கு ஏன் இந்த வழியை அடைக்கவேண்டும்? அடைப்பது என்றால், வாக்கரோடு நடந்து வரும் ஒருத்தி இந்த அறையில் இருக்கப்போவதில்லை என்றுதானே பொருள்? அந்த நினைப்பை முடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். இந்த வீட்டை விட்டால் அவள் போய்த் தங்க இருக்கும் ஒரே இடம் தங்கை வீடு. பிறகு, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்தத் தங்கைக்கு போன் போட்டாள்.

"ஆபரேஷன் தேதி நெருங்கிடுச்சு," என்றாள் பொதுவாக.

"நானும் அதான்க்கா நெனச்சேன்," என்றாள் தங்கை. அவளுக்கு எப்போதும் குரலில் ஒரு படபடப்பு. "இங்க எல்லாம் தயாரா இருக்கு. மாடி வேணாம்னு கீழ் ரூமையே காலி பண்ணியாச்சு. கட்டில் நேத்துதான் வந்துச்சு. உன் பீரோதான் உள்ள போகுமான்னு பயந்தேன். அவன்கிட்ட அளவு கேட்டேன், உடனே அனுப்பிட்டான். போகும்க்கா. ஜன்னல் பக்கமா வச்சுக்கலாம்."

அவள் பீரோவைப் பார்த்தாள். காலில் ஒரு மூட்டை மாற்றிக்கொண்டு ஒரு மாதம் தங்கப் போகிறவள் நாலு புடவை எடுத்துப் போவாள். பீரோ எடுத்துப் போகமாட்டாள்.

"பீரோ எதுக்கு?" என்றாள்.

மறுமுனையில் ஒரு பாத்திரம் விழுந்தது, யாரோ அதை எடுத்தார்கள்.

"அக்கா. உன்கிட்டப் பேசிட்டேன்னு சொன்னானே அவன். நீயும் சரின்னுட்டேன்னு..."

"எப்போ சொன்னான்?"

"போன மாசம்."

போன மாதம் என்றால் டீ எடுத்துவந்து கட்டிலில் உட்கார்ந்ததற்கு முன்பா, பின்பா? கணக்குப் போட்டுப் பார்த்தாள். முன்பு. அப்படியானால், அந்த வில் மாதிரி இருப்பது என்ன என்று அவன் கேட்டபோது, அவன் தலையில் ஏற்கெனவே அந்த வில் வேறு சுவரில் இருந்தது. நோட்டுகளை அடுக்கி உட்கார்ந்து எழுந்த நாளிலும். கடையில் தண்ணீர் வராத குழாயைத் தம்பி மனைவி திறந்து மூடிய நாளிலும். எந்த நாளை எடுத்தாலும், அதற்கு முன்பாகவே அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் அவள் இல்லாத வீட்டில் குடியேறிவிட்டிருந்தார்கள்.

மத்தியானம் தம்பி சாப்பிட வந்தான். ரசமட்டம் சந்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன, வேலை நடக்கலையா?" என்று கேட்பதும், "அக்காகிட்ட கேளுங்க சார்," என்று அவர் சொல்வதும் ஜன்னல் வழியாகக் கேட்டன. பிறகு அவன் உள்ளே வரும் செருப்புச் சத்தம். அது கொஞ்சம் தயங்கியது. கூடத்தில் தம்பி மனைவி தட்டு வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுக்கும்போது அவள் வந்து எதிரே நின்றாள்.

"என் பீரோ என்ன அளவு?"

தம்பியின் கை தட்டிலேயே நின்றது.

"ஆறரை அடி உயரம். மூணு அடி அகலம். சரியா சொல்றேனா? எப்போ அளந்த? நான் குளிக்கப் போனப்பவா?"

"அக்கா, உக்காரு முதல்ல. காலு வலிக்கும்."

"என் டேப்பை எடுத்துதானே அளந்த? ஒரு நாள் இடம் மாறி இருந்துச்சு. நான் மறந்து வச்சுட்டேன்னு நெனச்சேன்."

தம்பி தட்டைப் பார்த்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"ஆபரேஷன் முடியட்டும்னு..."

"மயக்கத்துல இருக்கும்போதா? நல்ல நேரம்தான். எதிர்த்துப் பேசமாட்டேன்."

அவனுக்கு முகம் சிவந்தது. பிறகு, மாட்டிக்கொண்டவர்கள் ஒரு கட்டத்தில் வேகமாகப் பேசத் தொடங்குவார்களே, அப்படித் தொடங்கினான். பொண்ணு குழந்தையோட வரா, மாப்பிள்ளைக்கு இங்கயே மாத்தலாகிடுச்சு. நடு ரூம் மட்டும் அவங்களுக்குப் போதாது, ரெண்டு ரூமும் வேணும். குழந்தையோட படுக்கிறது நடு ரூம்ல, பாத்ரூம் அந்தப் பக்கம் திறந்தாதான் வசதி. அங்க சின்னக்கா நாள் முழுக்க வீட்டுல இருக்கா, உன்னை நல்லா பார்த்துப்பா. இங்க இவ ஒருத்தி எத்தனைன்னு பார்ப்பா? உன் நல்லதுக்குத்தான். இதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக, கிட்டத்தட்ட கெஞ்சலாக ஒன்று சொன்னான்.

"அதுவும் நீ வரைஞ்சதுதானேக்கா."

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நின்றாள். அவளுக்குச் சட்டென்று தோன்றியது, இவன் இதை நிஜமாகவே நம்புகிறான். அவளே வரைந்தது என்பதால் அவளே ஒத்துக்கொண்டது மாதிரி என்று எங்கோ ஒரு மூலையில் தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறான். அதற்காகத்தான் வரையவே சொல்லியிருக்கிறான்.

"அடியில ரெண்டு வரி எழுதியிருந்தேன்," என்றாள். "அதை நீ மடிச்சியா, ஜெராக்ஸ் கடைக்காரனை மடிக்கச் சொன்னியா?"

தம்பி தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள் தம்பி மனைவி, கரண்டியிடம் பேசுவதுபோல. "அண்ணிகிட்ட நேரா கேட்டுடுங்கன்னு. கேக்க மாட்டேன்னுட்டார்."

நேராகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா என்று அவள் யோசித்தாள். மற்றவர்கள் முன்னால் 'ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே' என்று சொல்வது சுலபம். சொன்னால் தம்பி அழுதாலும் அழுவான். ஆனால் அது பொய். கொடுத்திருக்க மாட்டாள். ஐம்பத்தெட்டு வருடம் இந்த வீட்டில் இருந்தவள், இதே அறையில் கடைசிவரை இருக்கத்தான் ஆசைப்பட்டாள். மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அவளை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"எழுந்திரு," என்றாள்.

"எங்க?"

"அந்த மனுஷன் வெளில உக்காந்திருக்கார். மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும் அவருக்கு. நீயே வந்து சொல்லு. எங்க அக்கா ரூம் வழியை அடைச்சிடுங்க, அவ இனிமே இங்க வரமாட்டான்னு. நான் பக்கத்துல நிக்கிறேன். என் காது கேக்குற மாதிரி சொல்லு. சொல்லிட்டா, நான் பீரோவையே திறந்து துணிகளை எடுத்து வைக்க ஆரம்பிச்சுடறேன். சத்தியமா."

"என்னக்கா, சின்னப் பிள்ளை மாதிரி..."

"தாளை வச்சு சொன்னது போதும். வாயால சொல்லு."

எச்சில் கையோடு எழுந்தான். அவள் அறை வழியாக நடந்து, பிளாஸ்டிக் தாளை விலக்கி, குளியலறைக்குள் போய் நின்றான். ஜன்னல் ஓட்டைக்கு வெளியே ரசமட்டமும் எழுந்து நின்றார். அவள் வாசலில், வெட்டுக் கற்களுக்கு மேலே நின்றாள். கால் மாற்றி நிற்கக்கூட இல்லை; வலி விண்விண்ணென்று தொடை வரை ஏறியது.

"சொல்லுங்க சார்," என்றார் ரசமட்டம்.

தம்பி வாயைத் திறந்தான். வலப்பக்கச் சுவரில் இருந்த நீல நீள்சதுரத்தைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான்; பருக்கைகள் காய ஆரம்பித்திருந்தன. அவன் நின்ற நேரம் முழுக்க, சொல்லிவிடுவான் என்று அவளுக்குள் ஒரு பக்கம் பயந்துகொண்டே இருந்தது. சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும், அப்போது ஒரேயடியாக வெறுத்துவிடலாம் என்று இன்னொரு பக்கம் காத்துக்கொண்டிருந்தது.

"அக்கா சொல்ற பக்கமே வைங்க," என்றான்.

அவளைப் பார்க்காமல், உடம்பு அவள் மேல் படாமல் ஒடுங்கி வாசலைக் கடந்து போனான். கூடத்தில் தட்டு அப்படியே இருந்தது. செருப்புச் சத்தம் வெளியே போய்விட்டது.

ரசமட்டம் உள்ளே வந்து, அடுக்கிய கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரம் வைத்தார். பிறகு அவள் நின்ற வாசலிலிருந்து, ஒரு முழுக் கல்லை எடுத்து வைத்து, மறுபடியும் ஆரம்பித்தார். அன்று அவர் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. அவள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் நினைத்தபடியே வந்தது. வெட்டுக் கல் கமோடுக்குப் பின்னால் போய் மறைந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். ஈறு மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

நடு அறையில் தம்பி மனைவி போனில் பேசும் குரல் தணிந்து கேட்டது. "இல்லடி, இப்போதைக்கு வேணாம்... அத்தைக்குத் தெரிஞ்சு போச்சு... அப்பா என்ன சொல்லுவார், பேசாம இருக்கார்..." பிறகு கதவு சாத்தும் சத்தம். இதுவரை அந்தக் கதவை யாரும் பகலில் சாத்தியதில்லை.

சாயங்காலம் கருவிகளைக் கழுவி வைத்துக்கொண்டே ரசமட்டம் கேட்டார்: "கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணாம்தானே மேடம்? ஆபரேஷன் ஆனவங்க இருக்கிற வீட்டுல நாங்க போடறதில்ல. வழுக்கி விழுந்துட்டா வீட்டாளுங்க உள்ள வந்து தூக்கணும்ல."

இத்தனை நாள் வரைந்ததில், அளந்ததில், இந்த ஒன்றை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"போடுங்க," என்றாள்.

"சின்னதா?"

"இல்ல. கனமானதா."

ரசமட்டம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு கதவு நிலை அருகே போய், "எந்த உயரத்துல?" என்றார். அவள் முக்காலியிலிருந்து மெல்ல எழுந்து, நிலையைப் பிடித்து நின்று, கை போகும் இடத்தைக் காட்டினாள்.